மருந்தின் காப்புரிமையும் இரண்டாம் சீலமும்

சென்ற பௌர்ணமியன்று எங்கள் சங்கத்தில் பஞ்சசீல விளக்கம் முடிந்தபின், மருந்துக் கடையொன்றில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் எழுந்து ஒரு வினாவை விடுத்தார்.

“ஐயா, கொடாததை எடுத்தல் ஆகாது என்பது நம் இரண்டாம் சீலம். ஒரு கம்பெனி பல ஆண்டு முயன்று ஒரு மருந்தைக் கண்டுபிடிக்கிறது. அதன் காப்புரிமை அந்தக் கம்பெனிக்கே உரியது என்று சட்டம் சொல்லுகிறது. வேண்டும்போது அரசாங்கம் அக்கம்பெனியின் இசைவின்றியே அம்மருந்தைச் செய்வித்துக் கொள்ளலாம் என்றும் அதே சட்டம் சொல்லுகிறது. ஏழைக்காகவே எடுத்தாலும், கொடாததை எடுப்பது எடுப்பதுதானே?”

சபையில் சிலர் நகைத்தனர். கம்பெனிக்காக வாதாட ஒருவர் வந்துவிட்டார் என்று அவர்கள் எண்ணினர். நான் நகைக்கவில்லை. சீலத்தை வாயளவில் ஒப்புவிக்காமல் வாழ்க்கையில் வைத்துப் பார்க்கிறவனுக்கே இத்தகைய ஐயம் தோன்றும். அன்று நிறைவான விடை கூற எனக்கு இயலவில்லை. பின்னர்ப் படித்தும் அறிந்தோரைக் கேட்டும் தெளிந்ததை அவர்க்கும் உங்களுக்கும் இங்கே எழுதுகிறேன்.

இவ்வழக்கில் இருதரப்பாரையும் நான் அறிவேன். மும்பையில் ஓர் ஆலையில் பதிலித் தொழிலாளியாகச் சேர்ந்து, ஆலை மூடும்வரை தறி ஓட்டியவன் நான். எங்கள் பகுதியில் முதிய மெக்கானிக் ஒருவர் இருந்தார், பள்ளிக்கூடம் கண்டறியாதவர். தறியின் நாடாவில் ஒரு சிறு கம்பியை வளைத்துப் பொருத்தி, ஊடைநூல் அறுவதைப் பெரிதும் குறைத்தார். மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். சில வாரங்களில் எல்லாத் தறிகளிலும் அக்கம்பி ஏறிவிட்டது. கண்டவர்க்கு ஒரு காசும் இல்லை; ஒரு நல்ல சொல்லும் இல்லை. “என் கையைக் கூலிக்கு வாங்கினார்கள், சரி. என் புத்தியையுமா வாங்கினார்கள்?” என்று அவர் தேநீர்க் கடையில் கேட்டதை நான் மறக்கவில்லை. ஆகவே, கண்டுபிடித்தவனுக்கு ஒன்றும் தராமல் அவன் கண்டுபிடிப்பை எடுத்துக்கொள்வது அநீதி என்பதை எனக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

மற்றவர் என் தறிக்கு அடுத்த தறியில் நின்ற தோழர். 2009ஆம் ஆண்டில் அவருக்கு ஈரலில் புற்றுநோய் கண்டது. சோரஃபெனிப் என்னும் மருந்தை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். ஒரு மாதத்திற்கான 120 மாத்திரைகளின் விலை ஏறத்தாழ 2,80,000 ரூபாய். ஆலை மூடியபோது அவர் கைக்கு வந்த தொகை முழுதும் அம்மருந்தை ஒரு மாதம் வாங்கப் போதாது. அது நோயை வேரோடு நீக்கும் மருந்தன்று. வாழ்நாளைச் சில மாதம் நீட்டிப்பது. ஆனால் அச்சில மாதம் அவர்க்கு வேண்டியிருந்தது. நிலுவைச் சம்பளம் பற்றிய எங்கள் வழக்கின் தீர்ப்பைக் கேட்டுவிட்டுச் செல்லவேண்டும் என்று விரும்பினார். மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அது பையிலேயே இருந்தது. தீர்ப்பு வருமுன் அவர் சென்றுவிட்டார்.

இவ்விருவரையும் மனத்தில் இருத்திக்கொண்டே இவ்வினாவை ஆராய்கிறேன்.

காப்புரிமை என்பது யாது?

என் குடையை ஒருவர் எடுத்துச் சென்றால் நான் மழையில் நனைவேன். ஆனால் நான் அறிந்த தொழில் நுட்பத்தை ஒருவர் கற்றுச் சென்றால் என் அறிவு குறைவதில்லை. குடைக்கும் அறிவுக்கும் உள்ள வேற்றுமை இதுவே. நிலத்திற்கும் பொருளுக்கும் இருப்பதுபோல் அறிவுக்கு இயற்கையில் எல்லையில்லை. அதற்கு வேலியிடுவது சமுதாயமே.

சமுதாயம் ஏன் வேலியிடுகிறது? கண்டுபிடிப்பவன் தன் முறையை மறைத்து வைத்தால், அவனோடு அது மறைந்துபோம். ஆகவே மக்கள் அவனோடு ஓர் ஒப்பந்தம் செய்கின்றனர். “உன் முறையை எழுதி எல்லார்க்கும் வெளிப்படுத்து. அதற்கு ஈடாக இத்தனை ஆண்டுகள் உன்னையன்றி வேறெவரும் அதனைச் செய்து விற்கலாகாது எனத் தடுத்து வைக்கிறோம்” என்பதே அவ்வொப்பந்தம். இன்று அவ்வாண்டுகள் 20. காப்புரிமை என்பது இவ்வளவே. அது சமுதாயம் ஒரு பயன் கருதி, ஒரு காலத்திற்கு, தன் சட்டத்தால் உண்டாக்கித் தந்த உரிமை.

இதனை நம் நாட்டில் ஆழ்ந்து ஆராய்ந்தவர் நீதிபதி ராஜகோபால ஐயங்கார். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த அவரிடம் 1957ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் இப்பணியை ஒப்படைத்தது; 1959இல் அவர் அறிக்கை தந்தார். அந்நாளில் 1911ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலச் சட்டமே நடப்பில் இருந்தது. பெரும்பாலான காப்புரிமைகள் வெளிநாட்டார் கையில் இருந்தன. அவற்றுள் மிகப் பலவற்றின் பொருள்கள் இந்நாட்டில் செய்யப்படவேயில்லை. அவர் அறிக்கையை அடியொற்றி எழுந்த 1970ஆம் ஆண்டின் சட்டம் 1972 ஏப்ரல் 20 முதல் நடப்புக்கு வந்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, அதனைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு, அதுவும் மிகுதியாக 7 ஆண்டுகளே என்று அச்சட்டம் வரையறுத்தது. ஒரே மருந்தை வேறு முறையில் செய்ய வழி பிறந்தது. நம் நாட்டு மருந்துத் தொழில் வளர்ந்ததும் விலை தாழ்ந்ததும் அதன்பின்னரே. பிறகு உலக வணிக அமைப்பின் உடன்பாட்டிற்கு இசைந்து, 2005ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் மருந்துப் பொருளுக்கும் 20 ஆண்டுக் காப்புரிமை வழங்கலாயிற்று. என் தோழர் நோயுற்றது இந்தப் புதிய காலத்தில்.

கொடுக்கும்போதே கூறிய நிபந்தனை

இனி, இளைஞரின் வினாவின் உயிர்நிலைக்கு வருவோம். அரசாங்கம் எடுப்பது கொடாத பொருளா?

இச்சட்டத்தின் 47ஆம் பிரிவைப் பாருங்கள். காப்புரிமை எந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு வழங்கப்படுகிறது என்று கூறும் பிரிவு அது. மருந்தின் காப்புரிமையாயின், அரசாங்கம் தன் மருத்துவமனைகளிலும் மருந்தகங்களிலும் வழங்குவதற்காக அம்மருந்தை இறக்குமதி செய்துகொள்ளலாம் என்பது அந்நிபந்தனைகளுள் ஒன்று. 100ஆம் பிரிவு இன்னும் விரிவானது. அரசின் காரியத்திற்காக மத்திய அரசாங்கமோ, அதனிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்றவரோ அக்கண்டுபிடிப்பைப் பயன்படுத்தலாம். அதற்கு உரிய ஊதியத்தை உரிமையாளர்க்கு அளிக்க வேண்டும். ஊதியம் பற்றிப் பிணக்கு எழுந்தால் உயர்நீதிமன்றம் தீர்த்து வைக்கும்.

இந்நிபந்தனைகள் பின்னர் இரகசியமாகச் சேர்க்கப்பட்டவை அல்ல. காப்புரிமை கேட்டு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கம்பெனியும், அதன் வழக்கறிஞரும், இவற்றை அறிந்தே விண்ணப்பிக்கின்றனர். விண்ணப்பிக்குமாறு அவர்களை எவரும் வற்புறுத்துவதில்லை.

ஓர் ஊரார் பொதுக் கிணற்றை ஒருவர் பொறுப்பில் விடுகின்றனர் என்று கொள்வோம். “20 ஆண்டுகள் நீ இறைத்து விற்றுக்கொள். ஆயின் வறட்சி வந்தால் ஊர் இறைக்கும், உனக்கு உரியதைத் தருவோம்” என்று பேசியே விடுகின்றனர். வறட்சி வந்து ஊர் இறைக்கும்போது, “கொடாததை எடுக்கிறார்கள்” என்று அவர் கூவலாமா? ஊரார் தமக்கென ஒதுக்கி வைத்துக்கொண்ட பங்கையே எடுக்கின்றனர். அவர்க்குக் கொடாமல் தம்மிடமே வைத்துக்கொண்ட பங்கு அது.

ஆகவே என் முதல் முடிவு இது. முறைப்படி, வெளிப்படையாக, ஊதியம் கொடுத்து அரசாங்கம் மருந்தின் காப்புரிமையைப் பயன்படுத்துவது இரண்டாம் சீலத்திற்கு மாறானதன்று.

பிற நாடுகளில் நிகழ்ந்தவை

இது இந்தியர் மட்டும் கண்ட சூழ்ச்சி என்று எவரும் எண்ணவேண்டா. 1961ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் சுகாதார அமைச்சர் ஈனக் பவல், தம் நாட்டு மருத்துவமனைகளுக்காக டெட்ராசைக்ளின் என்னும் மருந்தைக் காப்புரிமையாளரின் இசைவின்றி இத்தாலியிலிருந்து குறைந்த விலைக்குத் தருவித்தார். ஃபைசர் கம்பெனி வழக்குத் தொடுத்தது. 1965இல் பிரபுக்கள் சபை அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த அமைச்சர் பொதுவுடைமையர் அல்லர், பழமைக் கட்சியினர்.

தாய்லாந்தின் செய்தி இன்னும் தெளிவானது. 2002ஆம் ஆண்டின் சட்டத்தால் குடிமக்கள் அனைவர்க்கும் மருத்துவம் அளிக்கும் கடமையை அந்நாட்டு அரசு ஏற்றது. எய்ட்ஸ் நோயாளிகளில் நெவிரபின் ஒத்துக்கொள்ளாதவர்க்கு எஃபாவிரன்ஸ் என்னும் மருந்து தேவைப்பட்டது. ஒருவர்க்கு மாதம் சுமார் 1,400 பாட் விலை. 2006 நவம்பர் 29 அன்று அரசு தன் பயனுக்காக அக்காப்புரிமையை எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. விற்பனை மதிப்பில் 0.5 விழுக்காடு உரிமையாளர்க்கு அளிப்பதாகவும் கூறியது. இந்தியாவில் செய்த அதே மருந்து ஏறக்குறையப் பாதி விலைக்குச் சென்றது. 2007 ஜனவரியில் மற்றோர் எய்ட்ஸ் மருந்துக்கும், குருதி உறையாமல் காக்கும் குளோபிடோக்ரல் என்னும் மருந்துக்கும் அவ்வாறே அறிவிப்பு வந்தது.

விளைவு என்ன? இரண்டாவது எய்ட்ஸ் மருந்தின் உரிமையாளரான அபாட் கம்பெனி, தாய்லாந்தில் பதிவு செய்யக் கேட்டிருந்த புதிய மருந்துகளின் விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வெப்பத்தில் கெடாத புதிய மாத்திரையும் அவற்றுள் ஒன்று. வெயில் மிகுந்த நாட்டில் குளிர்ப்பெட்டி இல்லாத நோயாளிக்கு அதன் அருமை தெரியும். அமெரிக்க அரசும் தாய்லாந்தைத் தன் முதன்மைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் 2007 ஏப்ரலில் அதே கம்பெனி, நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு அம்மருந்தின் ஆண்டு விலையை 2,200 டாலரிலிருந்து 1,000 டாலராகக் குறைத்தது.

அமெரிக்காவின் கண்டிப்பைப் பற்றி ஒரு சொல். 2001ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஆந்த்ராக்ஸ் கிருமியை அஞ்சலில் அனுப்பியதால் அச்சம் பரவியபோது, சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை பெருமளவில் வேண்டியிருந்தது. விலை குறையாவிடில் பிறரைக் கொண்டு செய்விக்க நேரும் என்று அமெரிக்க அமைச்சரே எச்சரித்தார். பேயர் கம்பெனி தன் விலையை 1 டாலர் 77 சென்ட்டிலிருந்து 95 சென்ட்டுக்கு இறக்கியது. தன் மக்களுக்கு அச்சம் வந்தபோது நியாயமாகத் தோன்றியது, தாய்லாந்து மக்கள் நோயுற்றபோது எவ்வாறு அநியாயமாயிற்று? தனக்கொரு நீதி, பிறர்க்கொரு நீதி என்பது எந்த அறத்திலும் இல்லை. 2001 நவம்பரில் தோஹா நகரில் உலக வணிக அமைப்பின் நாடுகள் அனைத்தும் கூடி, கட்டாய உரிமம் வழங்கும் அதிகாரமும் அதற்கான காரணத்தை வகுக்கும் உரிமையும் ஒவ்வொரு நாட்டிற்கும் உண்டு என ஒப்பியுள்ளன.

கண்டுபிடிப்பவர் சோர்ந்துவிடுவரோ?

எதிர்வாதத்தைத் தட்டிக் கழித்தல் ஆகாது. “ஒரு மருந்துக்குப் பின்னால் தோற்றுப்போன முயற்சிகள் பல உள்ளன. அச்செலவையும் வெற்றி பெற்ற மருந்தின் விலையில்தான் பெறவேண்டும். அரசாங்கங்கள் எடுத்துக்கொண்டே போனால் நாளைய மருந்தைக் கண்டுபிடிப்பவர் யார்?” என்பர். இதில் உண்மை உண்டு. இன்றைய நோயாளிக்கு இரங்கி, இனி வரும் நோயாளியை மறத்தல் முழுமையான கருணையாகாது.

ஆயினும் இரண்டு செய்திகளை எண்ணிப் பாருங்கள். பொருள் ஒன்றே மனிதனை ஆராய்ச்சிக்குத் தூண்டுவதில்லை. இன்சுலின் கண்ட பாண்டிங் முதலியோர் 1923இல் அதன் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்கு டொரான்டோ பல்கலைக்கழகத்திற்குக் கொடுத்தனர். எல்லாரும் அவ்வாறு கொடுப்பர் என்று நான் சொல்லவில்லை. கூலியின்றி வாழமுடியாது என்பதை ஆலைத் தொழிலாளி அறிவான். இரண்டாவது, கூலி வேறு, பிணைத்தொகை வேறு. உழைப்புக்கும் செலவுக்கும் ஈடாகக் கேட்பது கூலி. கொடாவிடில் சாவாய் என்னும் நிலையில் இருப்பவனிடம் அவனால் இயலாததைக் கேட்பது பிணைத்தொகை. விலை எவ்வளவு உயர்ந்தாலும் வாங்க முடியாதவன் வாங்கப்போவதில்லை. அவன் சாவதால் ஆராய்ச்சிக்கு ஒரு காசும் சேர்வதில்லை. என் தோழரிடமிருந்து அக்கம்பெனிக்கு எந்த வருமானமும் வரவில்லை என்பதை நினையுங்கள்.

அம்மருந்துக்கு நேர்ந்ததையும் கூறுகிறேன். 2012 மார்ச் 9 அன்று காப்புரிமைத் தலைமை அதிகாரி குரியன், இங்கே மும்பையில், சோரஃபெனிப் மருந்துக்குக் கட்டாய உரிமம் வழங்கினார். இது 84ஆம் பிரிவின்படி பிறிதொரு கம்பெனி கேட்டுப் பெற்றது; அரசு தானே பயன்படுத்துவதன்று. ஆயினும் இரண்டும் ஒரே கொள்கையின் இரு வாயில்கள். நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டுக்குச் சற்று மேற்பட்டோர்க்கே பேயர் கம்பெனியின் மருந்து எட்டியது என்பதை அவர் கண்டார். 2,80,428 ரூபாய் விலையுள்ள ஒரு மாத மருந்தை நாட்கோ கம்பெனி 8,800 ரூபாய்க்கு விற்க வேண்டும், 6 விழுக்காடு பேயருக்கு அளிக்க வேண்டும், ஆண்டுதோறும் ஏழை நோயாளிகள் 600 பேருக்கு இலவசமாகத் தரவேண்டும் என ஆணையிட்டார். மேல்முறையீட்டில் அந்த 6 விழுக்காடு 7 ஆயிற்று. மும்பை உயர்நீதிமன்றம் 2014இல் அவ்வாணையை நிலைநிறுத்தியது. உச்சநீதிமன்றமும் அதே ஆண்டில் தலையிட மறுத்தது. கண்டவர்க்கும் கூலி கிடைத்தது; நோயாளிக்கும் மருந்து கிட்டியது. எங்கள் மெக்கானிக்குக் கிடைக்காத நீதி அந்தக் கம்பெனிக்குக் கிடைத்தது என்பதையும் சொல்லவேண்டும். என் தோழருக்கு மட்டும் அது மூன்றாண்டு பிந்தி வந்தது.

அரசுக்கும் சீலம் உண்டு

இளைஞரின் வினா அரசாங்கத்தின் பக்கமும் திரும்ப வேண்டும். இவ்வதிகாரத்தை அரசு தவறாகவும் கையாளலாம். உரிய ஊதியத்தைக் கொடாமல் இழுத்தடித்தால் அது எடுத்தலே. உரிமையாளர்க்கு அறிவியாமல் மறைவாகச் செய்தால் அது வஞ்சனையே. மக்கள் பெயரால் எடுத்து, வேண்டிய ஒரு வியாபாரிக்கு இலாபம் சேர்த்தால், அல்லது மலிவாக வாங்கிய மருந்தைக் கிடங்கில் கெடவிட்டால், அப்போது கம்பெனியும் ஏமாந்தது, நோயாளியும் ஏமாந்தான். அதைவிடப் பெரிய திருட்டு யாது?

அதிகாரம் இருந்தும் பயன்படுத்தாமலிருப்பதும் ஒரு குற்றமாகலாம். கொரோனா காலத்தில், 2020 அக்டோபரில், இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் காப்புரிமைகளை நிறுத்தி வைக்குமாறு உலக வணிக அமைப்பைக் கேட்டன. அது பாராட்டத்தக்கது. ஆனால் 2021 ஏப்ரலில் நம் உச்சநீதிமன்றம், 92, 100 ஆகிய பிரிவுகளின்படி ஏன் மருந்துகளைச் செய்விக்கக்கூடாது என்று வினவியபோது, அந்நிலையில் அது எதிர்விளைவையே தரும் என்று மத்திய அரசு விடையிறுத்தது. அரசுக்கும் அச்சங்கள் உண்டு. தாய்லாந்துக்கு நேர்ந்ததை நாம் பார்த்தோம். ஆயினும் உலகத்திடம் கேட்பதைத் தன் வீட்டில் செய்யத் தயங்கினால், கேட்ட சொல்லுக்கு வலிமை குறைந்துவிடும்.

பகவான் புத்தர் ஒருமுறை விகாரையில் ஒரு பிக்கு வயிற்றுநோயால் தன் மலத்திலேயே கிடப்பதைக் கண்டார். பிறர் ஏன் உதவவில்லை என்று கேட்டார். அவர் எவர்க்கும் எப்பணியும் செய்தவரல்லர், ஆதலால் எவரும் அவரைக் கவனிக்கவில்லை என்பதே விடை. பகவான் ஆனந்தரோடு சேர்ந்து தம் கையாலேயே அவரைக் கழுவிப் படுக்கையில் கிடத்தினார். இவனால் நமக்கு என்ன பயன் என்று கேட்டுக் கைவிடும் மனம் அன்றும் இருந்தது. கையில் பணமில்லாத நோயாளியைப் பார்த்து இன்றைய சந்தை கேட்பதும் அதே கேள்விதான். அக்கேள்வியை ஏற்காத இடம் ஒன்று நாட்டில் வேண்டும். அரசாங்கம் அவ்விடமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே, பொதுமக்களின் உடல்நலத்தை உயர்த்துதல் அரசின் முதன்மைக் கடமைகளுள் ஒன்று என்று நம் அரசியல் சட்டத்தின் 47ஆம் விதி கூறுகிறது. காப்புரிமைச் சட்டத்திலும் அரசியல் சட்டத்திலும் ஒரே எண் அமைந்தது தற்செயல்தான். ஆயினும் நினைவில் வைக்க எளிது.

அன்பர்களே, இவ்விரண்டையும் அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் விலை மிகுந்த மருந்து இல்லை என்று சொன்னால், விதி என்று திரும்பிவிடாதீர்கள். அதற்குக் காப்புரிமை உண்டா, அதே மருந்து வேறு பெயரில் குறைந்த விலைக்கு உண்டா என்று மருத்துவரையோ மருந்தாளரையோ கேளுங்கள். இல்லையெனில் எழுதிக் கொடுங்கள். சங்கத்தின் வாயிலாகவும் எழுதுங்கள். சட்டம் திறந்து வைத்த வாயில், தட்டுவார் இன்றித் துருப்பிடித்துவிடக் கூடாது.

வினா எழுப்பிய இளைஞருக்கு என் விடை இது. தம்பி, உன் ஐயம் நல்லது, அதைக் கைவிடாதே. கம்பெனியின் மருந்தை அரசு எடுக்கும் ஒவ்வொரு முறையும், ஊதியம் கொடுத்ததா, வெளிப்படையாகச் செய்ததா, நோயாளியின் கைக்குச் சேர்த்ததா என்று கேள். மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால், அங்கே கொடாதது எதுவும் எடுக்கப்படவில்லை. பிறகு நாளை நீ கடையைத் திறக்கும்போது, மடித்த சீட்டோடு வந்து விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவரையும் ஒரு கணம் பார். அவருக்கு உரியதை யார் எடுத்தார் என்பதும் இரண்டாம் சீலத்தின் வினாவே.